விரல் கடன்

திங்கட்கிழமை காலை ஆறே காலுக்குத் தம்பி போன் செய்தான். அவள் அப்போது ஒரு கையில் பால் பாத்திரமும் மறு கையில் சீப்புமாக நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க மெஷின் என்னைய ஆளே இல்லைங்குது."

"என்னடா சொல்லுது?"

"சிவப்பு லைட் எரியுது. என் பேரு வர வேண்டிய இடத்துல கோழி கிண்டின மாதிரி என்னமோ கிடக்கு. எனக்கு மட்டும் இல்ல. பின்னாடி முந்நூறு பேரு நிக்கிறான், பாதிப் பேருக்கு இதே கதைதான். காவலாளி கையை விரிக்கிறாரு. நீ வந்து பாக்குறியா, இல்ல நான் வீட்டுக்கு வந்து தூங்கவா?"

பாலை இறக்கி வைத்தாள். தலையை வாரியும் வாராமலும் அள்ளி முடிந்துகொண்டு படியிறங்கினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அவளுக்குத்தான் உட்கார மனமில்லை. சனிக்கிழமை தான் செய்த வேலை ஒவ்வொன்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மனம் இடறியது. அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

அலுவலகத்தில் அவளுக்குக் கொக்கி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சில எழுத்துகளின் தலையிலும் காலிலும் தொங்கும் குறிகளை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "அந்தக் கொக்கி போட்ட எழுத்துங்க" என்று சொல்லிவைத்தாள். ஆறு வருடமாகியும் அந்தப் பெயர் கழன்று விழவில்லை. கப்பல்களைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் அந்தத் துறையில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் வேலை பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் பெயரில் ஒரு கொக்கியாவது உண்டு. சிலருக்கு மூன்று. அந்தக் கொக்கிகளைக் கட்டி மேய்ப்பதுதான் அவள் வேலை.

உள்ளே போக எல்லாருக்கும் ஒரு பாஸ் வேண்டும். பாஸுக்கு இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தைச் செய்தவன் தன் சொந்தப் பெயரை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். நாலெழுத்துப் பெயர், கொக்கி கிடையாது. ஆகவே கொக்கி எழுத்து எது வந்தாலும் 'தவறான எழுத்து' என்று சிவப்பில் காட்டி, நிரப்பிய பக்கம் முழுவதையும் துடைத்துவிடும். அம்மா வைத்த பெயரைத் தவறு என்று போன் சொன்னதும் பல பேர் அந்தப் போனையே தூக்கி எறியப் பார்த்தார்கள். படிவத்தோடு மல்லுக்கட்ட முடியாதவர்கள் மாடிக்கு வந்து, கவுன்டரில் இருக்கும் ஏழு என்பவரிடம் சொல்லி அடித்துக்கொள்வார்கள். அவருடைய கணினியில் மட்டும் கொக்கி ஏறும்.

அப்படி ஏறினாலும் பாஸில் வராது. அச்சடிக்கும் மெஷினுக்குக் கொக்கி தெரியாது. தெரியாத எழுத்தைக் கண்டால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். வாசல் காவலாளி அதற்குப் பழகிப்போய், ஆட்களையே கேள்விக்குறியை வைத்துத்தான் அடையாளம் பிடித்தார். "ஒரு கேள்வி, உள்ள போ. ரெண்டு கேள்வி, நில்லு, ஹெல்மெட் எங்க?" ஒரு முறை பெயின்டர் ஒருவரின் பாஸ் தொலைந்து, அவசரத்துக்குக் கையால் முழுப்பெயர் எழுதிக் கொடுத்தபோது அவரை வாசலிலேயே மடக்கிவிட்டார். "நேத்து வரைக்கும் கேள்வியா இருந்துச்சு. இன்னைக்கு எப்படிய்யா பதில் வந்துச்சு?"

போன வருடம் கொக்கி அந்தப் படிவத்தைத் திருத்தினாள். புதிதாக வருகிறவர்கள் எந்தக் குறி வேண்டுமானாலும் போட்டு எழுதலாம். பழையவர்களின் பெயர்கள் மட்டும் பழைய முறையில், பழைய கிடங்கில் கிடந்தன. இந்தத் திங்கள் முதல் வாசலில் புது மெஷின். பாஸ் எண்ணுக்குக் கணினியில் உள்ள பெயரையும் அடையாள அட்டையில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும், கேள்விக்குறிக்கெல்லாம் மயங்காது. அதற்காகத்தான் சனிக்கிழமை அவள் தனியாக உட்கார்ந்து பழைய பெயர்களையெல்லாம் புது முறைக்கு மாற்றினாள்.

மாடியில் ஏறியதும் ஜன்னலைத் திறந்தாள். துருவும் பெயின்ட்டும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. கீழே வரிசை வாசலைத் தாண்டிச் சாலை வரைக்கும் நின்றது. சாப்பாட்டுப் பையைத் தலைக்கு வைத்து நடைபாதையில் படுத்துவிட்டவர்களும் உண்டு. ஏழு மணிக்குள் உள்ளே போகாதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது என்பது துறையின் சட்டம்.

கணினியைத் திறந்து இரண்டு பெயர்களைப் பார்த்தாள். போதும். பஸ்ஸில் மனம் தொடாமல் சுற்றிக்கொண்டு போன இடம் நேரே எதிரில் வந்து நின்றது.

சனிக்கிழமை மாற்றும் வேலை ஓடிக்கொண்டிருந்தபோது நடுவில் மின்சாரம் போய் வந்தது. அதற்குள் இரண்டாயிரத்து முந்நூறு பேரின் பெயர்கள் மாறி முடிந்திருந்தன. அவள் அதைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து ஒரு டீயோடு உட்கார்ந்திருந்தவள், முதலிலிருந்து மறுபடி ஓட்டிவிட்டாள். பழைய முறையில் ஒரு கொக்கி எழுத்துக்கு ஓரிடம் போதும், புது முறையில் இரண்டு வேண்டும். ஏற்கெனவே இரண்டானதை மறுபடி மாற்றினால் அந்த இரண்டையும் தனித்தனி எழுத்தென்று எண்ணி நாலாக்கிவிடும். நாலும் குப்பை.

நகல் இருக்க வேண்டுமே என்றால், அதிலும் மண். எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் தானாக ஒரு நகல் எடுத்து வைக்கும்படி அவளே எழுதியிருந்தாள். அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இரண்டாவது முறை ஓட்டியபோது அது ஒழுங்காக ஒரு நகல் எடுத்து, நல்ல நகலின் மேலேயே கெட்ட நகலை வைத்து மூடிவிட்டது.

குப்பையைத் திருப்பி ஒரு படி பின்னால் கொண்டுபோகலாம். நாலை இரண்டாக்கினால் பெயர் வந்துவிடும். அதை ஒன்றரை மணி நேரத்தில் செய்தாள். அவளுடைய தம்பியின் பெயரும் எழுந்து உட்கார்ந்தது. ஆனால் பெயருக்கென்று ஒதுக்கியிருந்தது மொத்தம் முப்பது இடம். நாலு நாலாக வீங்கிய நீளப் பெயர்களின் வால், முப்பதைத் தாண்டியதும் வெட்டுப்பட்டு விழுந்திருந்தது. விழுந்தது எங்கேயும் இல்லை. எண்ணிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்தார். வரும்போதே போனில் யாரோ அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டியபடியே நாற்காலியில் விழுந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"பெரும்பாலும் சரி பண்ணிட்டேன் சார். இருநூத்திப் பன்னெண்டு பேருதான் பாக்கி. அவங்க பேரு பாதிதான் இருக்கு."

"எல்லாம் பழைய ஆளுங்களா?"

"ஆமா சார்."

"அப்ப ஏழு அடிச்சதுதானே?"

அவள் பதில் சொல்வதற்குள் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதாக அவர் நினைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. "ஏழு விரலை வெச்சுக்கிட்டு அந்தாளு என்னத்த அடிச்சிருப்பாரு? பேரைப் பாதி அடிச்சிட்டு மீதிய விட்டிருப்பாரு. இரக்கப்பட்டு நாற்காலி குடுத்தா இப்படித்தான். மேல இருந்து யாருன்னு கேக்குறாங்க. சாயங்காலம் சொல்லிடறேன். வெள்ளிக்கிழமையோட அவருக்கு முடிச்சிடலாம். அந்த இருநூறு பேரும் அட்டையோட வந்து மறுபடி எழுதித் தரட்டும். அதுவரைக்கும் வெளிய நிக்கட்டும்."

அவள் வாயைத் திறந்தாள். மேசையில் அவருடைய முழங்கைக்குக் கீழே ஒரு பச்சைக் கோப்பு இருந்தது. அவளை நிரந்தரமாக்கும் கோப்பு. ஆறு வருடம் ஒப்பந்தத்தில் இருந்து, இப்போதுதான் மேசை வரைக்கும் வந்திருக்கிறது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

திறந்த வாயை மூடிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

ஏழு முன்பு துறையில் இரும்புத் தகடு தூக்கியவர். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு தகடு நழுவி இடது கையின் நடு மூன்று விரல்களையும் கொண்டுபோனது. நஷ்ட ஈட்டுக்குப் பதிலாக மாடியில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது. நாற்காலி போனால் அவருக்கு வேறொன்றும் மிச்சமில்லை.

கொக்கி எழுத்து வர, இடது கையால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் எண் அடிக்க வேண்டும். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் உள்ள கைக்கு அது எட்டாது. அதனால் அவர் ஒரு வழி செய்துவைத்திருந்தார். வருகிறவனிடம் நோட்டை நீட்டி, "உன் பேரை நீயே எழுதுய்யா, கொக்கி கோணாம எழுது" என்பார். பிறகு யாராவது அந்தப் பக்கம் போகும் வரை காத்திருப்பார். தண்ணீர் குடிக்கப் போகிறவர், கழிவறைக்குப் போகிறவர், கூட்டுகிறவர், யாரையும் விடமாட்டார்.

"கொஞ்சம் விரல் கடன் குடுங்க. திருப்பித் தந்துடறேன்."

"போன வாரம் குடுத்ததே இன்னும் வரலியே அண்ணே."

"வட்டியோட சேத்து மூணு விரலா தரேன். எங்க கிடக்குதுன்னு தேடிக்கிட்டு இருக்கேன்."

அவர்கள் இரண்டு பொத்தான்களையும் பிடித்துக்கொள்ள, அவர் எண்ணை அடிப்பார். அலுவலகத்தில் விரல் கொடுக்காத ஆள் இல்லை, மேனேஜர் உட்பட. அந்தப் பழைய பெயர்கள் எல்லாம் அப்படி ஏறியவைதான்.

அந்தத் திங்கட்கிழமை ஏழு யாரிடமும் விரல் கேட்கவில்லை. டீ கொண்டு வருகிறவர் விஷயத்தை அவர் காதில் போட்டிருந்தார். பகல் முழுக்க மேசையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொக்கி இரண்டு முறை தண்ணீர் குடிக்க அந்த வழியாகப் போனாள். இரண்டு முறையும் அவர் நிமிரவில்லை. அவருடைய கீழ் இழுப்பறையில் அந்த நோட்டுகள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அதில்தான் இருப்பார்கள். ஆனால் எதற்கு என்று சொல்லாமல் நோட்டைக் கேட்க முடியாது.

சாயங்காலம் தம்பி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"யாருக்காவது தெரியுமா?" என்றான்.

"உனக்குத்தான்."

"அப்ப எனக்கும் தெரியாது. அக்கா, நீ வாயைத் திறக்காத. மெஷினுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு மேனேஜருக்கு ஏழு ஜென்மத்துக்கும் புரியாது. ஆறு வருஷம் நாயா உழைச்சிருக்க."

"அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு?"

"எனக்கு மட்டும் அவரைப் பிடிக்காதா? அந்தத் தகடு விழுந்தப்ப நான் பத்தடி தள்ளி நின்னேன். கையைச் சுத்த என் துண்டைத்தான் குடுத்தேன்." கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "அதுக்காக நீ உன் கழுத்தை நீட்டணுமா? துறையில யாரு யாருக்கு நீட்டினான்?"

அவள் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு வேலை போச்சே உனக்கு, அது என்னாலதான்" என்றாள்.

"அது பரவால்ல. நல்லாத் தூங்கினேன்" என்றான் அவன். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் ஜன்னலைத் திறந்தபோது வரிசை சிறுத்திருந்தது. இருநூறு பேர் மட்டும் ஓரமாக நின்றார்கள். எல்லாம் வயதானவர்கள், துறையில் நீண்ட காலம் இருந்தவர்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவளுடைய அப்பா மூட்டை தூக்கியவர். வேலை கிடைக்காத நாளில் இப்படித்தான் சந்தைச் சுவரோரம் நிற்பார், யாரையும் குற்றம் சொல்லத் தெரியாமல்.

நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"சார், ஏழு அடிச்சதெல்லாம் சரிதான். நான்தான் ரெண்டு தடவை ஓட்டிட்டேன்."

"எதை ஓட்டின?"

"சனிக்கிழமை மாத்தின வேலையை. பாதியில நின்னதைக் கவனிக்காம மறுபடி முதல்லேர்ந்து ஓட்டிட்டேன். அதுலதான் பேரெல்லாம் வீங்கி வெட்டுப்பட்டுப் போச்சு. நகலும் என்னாலதான் அழிஞ்சுது."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"பின்ன ஏம்மா வந்து சொல்ற? நேத்துதான் ஏழுன்னு மேல சொல்லி முடிச்சேன். இப்ப அதை மாத்திச் சொல்லணும். என் மூஞ்சியில கரி பூசுற."

"எழுத்துல தந்துடறேன் சார்."

"தா, தா." முழங்கையைத் தூக்கினார். பச்சைக் கோப்பை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். இழுப்பறை சரியாக மூடவில்லை, முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினார். "இது அடுத்த வருஷம் பாப்போம். ஏழு இருக்கட்டும். நாளைக்குக் காலைல அந்த இருநூறு பேரும் உள்ள இருக்கணும். நாளையிலேர்ந்து நம்ம ஆபீஸ் ஆளுங்களுக்கும் மெஷின்தான், முகத்தைப் பாத்து விடக்கூடாதுன்னு ஆர்டர். எப்படியோ முடி."

அவள் வெளியே வந்து ஏழுவின் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேனேஜரிடம் சொன்னதையே மறுபடி சொன்னாள். இங்கே சொல்வது அங்கே சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஏழு அவளைத் திட்டவில்லை. இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கணும் அண்ணே."

"நான் என் கைதான்னு நெனச்சேன். பதினோரு வருஷமா தப்புத் தப்பா அடிச்சுப் போட்டு எல்லாவன் பொழப்பையும் கெடுத்துட்டேன்னு நெனச்சேன். சாப்பாடு எறங்கல. வீட்டுல அவ கேட்டா, பல் வலின்னு சொன்னேன்."

அவள் தலை குனிந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அதையும் அவர் தலையில் சுமத்தியது போல ஆகும்.

"சரி, உக்காந்து என்ன பண்ண. அந்த இழுப்பறையை இழு. எனக்குக் குனிஞ்சா மூச்சு முட்டுது."

பதினாலு நோட்டுகள் இருந்தன. கிரீஸ் பெருவிரல் பதிந்தவை, மழையில் நனைந்து ஊதியவை. ஒவ்வொரு பெயரும் அந்தந்த ஆளின் கையெழுத்தில் இருந்தது, கொக்கி பெரிதாக, அழுத்தி, சில இடத்தில் தாள் கிழியும் அளவுக்கு. ஏழு பாஸ் எண்ணைத் தேடிப் பிடித்துப் படித்தார். அவள் அடித்தாள். நடுநடுவே அவர் ஆட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். "இவன் கடன்காரன் மாதிரி முழிப்பான், ஆனா நல்லவன். இவனுக்கு ரெண்டு பொண்டாட்டி, அதான் பேரும் நீளம்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் தெம்பில்லை. விரல் நுனிகள் மரத்துப்போயின.

நாலரை மணிக்கு இருநூற்றுப் பதினொன்று முடிந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணே. பாஸ் நம்பர் ஒம்பது. ரொம்பப் பழசு. எந்த நோட்டுலயும் காணோம்."

ஏழு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒம்பதா? அது நான்தாம்மா. என் பேரை எனக்கு எதுக்கு நோட்டுல எழுதணும்?"

ஆறு வருடமாக அவரை அண்ணே என்றும், முதுகுக்குப் பின்னால் ஏழு என்றும் கூப்பிட்டிருக்கிறாள். வேறு பெயர் இருக்குமென்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் தயங்கினார், பிறகு வலது கையால் மெதுவாக எழுதினார். நீளமான பெயர். மூன்று கொக்கிகள்.

"கொக்கி கோணாம எழுதியிருக்கேனா?"

"நேரா இருக்கு அண்ணே. இதை நீங்களே அடிங்க. நான் விரல் தரேன்."

அவள் எட்டி இரண்டு பொத்தான்களையும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய புது முறையில் அப்படிப் பிடிக்கவே தேவையில்லை, திரையில் இருக்கும் எழுத்தைத் தொட்டால் போதும். அதை அவர் இந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொள்ளவில்லை, அவளும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் எண்களை ஒவ்வொன்றாக அடித்தார்.

புதன்கிழமை காலை அவள் வந்து ஜன்னலைத் திறந்தபோது கீழே ஓரத்தில் யாரும் இல்லை. சிகரெட் துண்டுகளும் இரண்டு காலி டீ கோப்பைகளும் கிடந்தன. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேசைப் போன் அடித்தது. வாசல் காவலாளி.

"கொக்கி மேடம், இங்க ஒரு சிக்கல். நம்ம ஏழு வந்திருக்காரு. அவருக்கு எப்பவும் மூணு கேள்வி இருக்கும். இப்ப ஒண்ணையும் காணோம். மெஷின்ல முழ நீளத்துக்கு எவன் பேரோ காட்டுது. கேட்டா என் பேருதாங்குறாரு."

"மெஷின் என்ன கலர் காட்டுது அண்ணே?"

"பச்சைதான் காட்டுது. ஆனா எனக்கு மனசு கேக்கல. யாருக்குத் தெரியும்? அனுப்பவா, வேணாமா?"

அவள் எதிரே இருந்த கவுன்டரைப் பார்த்தாள். நேற்று எடுத்த நோட்டுகள் இன்னும் அங்கேயே அடுக்கிக் கிடந்தன. நாற்காலியின் முதுகில் அவருடைய பழைய துண்டு தொங்கியது.

"அனுப்புங்க அண்ணே" என்றாள். "அவரு நாற்காலி இங்கதான் இருக்கு."